எல்லார் என்ற ஒரு சொல்

தர்க்கம் படிக்கப் போனபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. போர்ட் பிளேரை ஒட்டிய பத்துபஸ்தியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கராச்சர்மாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்புவேன். பாதியில் விட்ட பட்டப்படிப்பை அஞ்சல் வழியில் முடித்துவிட வேண்டும் என்று திடீரென ஒரு வேகம் வந்தது. விருப்பப் பாடங்களின் பட்டியலில் எது சின்னப் புத்தகம் என்று பார்த்தேன். தர்க்கவியல்தான் மெலிந்து இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பாடம் எடுத்தது என்னைவிடப் பதினைந்து வயது இளைய மலையாளிப் பெண். முதல் நாளே கரும்பலகையில் மூன்று வரி எழுதினாள். எல்லா மீனும் மரம் ஏறும். சூரை ஒரு மீன். ஆகவே சூரை மரம் ஏறும். இந்த வாதம் செல்லுமா, செல்லாதா என்று கேட்டாள். செல்லாது என்று நான் சத்தமாகச் சொன்னேன். சூரையை வாரம் இரண்டு தடவை வெட்டிக் கழுவுகிறவளுக்கு அது மரம் ஏறுமா இல்லையா என்பதில் என்ன சந்தேகம்?

செல்லும் என்றாள் அவள். முதல் இரண்டு வரியும் உண்மையாக இருந்தால் மூன்றாவது வரி வந்தே தீரும். வாதம் செல்லுமா என்று கேட்டால் அவ்வளவுதான் பார்க்க வேண்டும். வரிகள் உண்மையா என்பது வேறு கேள்வி. எனக்கு எரிச்சலாக இருந்தது. பொய்யான பேச்சைச் செல்லும் என்று சொல்ல ஒரு படிப்பா என்று நினைத்தேன். அந்த எரிச்சலோடுதான் முதல் தேர்வை எழுதினேன். பொய் வரி வந்த இடத்தில் எல்லாம் செல்லாது என்று போட்டேன். முடிவு உண்மையாக இருந்த இடத்தில் எல்லாம் செல்லும் என்று போட்டேன். தேறவில்லை.

அதே மாதம்தான் அம்மாவின் கார்டு விஷயம் கிளம்பியது.

தீவுக்காரர்களுக்கு என்று ஒரு அடையாளக் கார்டு உண்டு. கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார்கள். அம்மாவின் பழைய கார்டு சுனாமியில் வீட்டோடு போய்விட்டது; அதைக் கொடுத்த ஆபீஸின் பதிவும் அதே அலையில் போனது. அதற்குப் பதில் கொடுத்த சீட்டை வைத்து இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள். இனி சீட்டு செல்லாது, புதுக் கார்டு வாங்கு என்றார்கள். விண்ணப்பம் போட்டோம். திரும்பி வந்தது. குறிப்பிட்ட ஒரு கெடு தேதிக்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். நான் பிறந்தது அந்தத் தேதிக்குப் பிறகு. அதனால் என்னைக் காட்டிப் பயன் இல்லை.

அம்மா இலங்கையில் தேயிலை மலையில் பிறந்தவள். இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு அனுப்பியபோது கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கே அப்பாவைக் கட்டிக்கொண்டு இன்னொரு கப்பலேறி தெற்கே ஒரு தீவில் இருக்கும் ஹட் பேக்கு வந்தவள். அங்கே பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை. கொழுந்து கிள்ளிய கையால் அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கினாள். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஹட் பேயில் மறுபடி கட்டிய வீட்டை விட்டு அம்மா வரமாட்டாள். மாதம் ஒரு முறை கப்பலில் வந்து என்னோடு நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள்.

விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த அதிகாரி வங்காளி. அவருடைய பெற்றோரும் அகதியாக வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள்தான் என்று வெளியே இருந்த பியூன் சொன்னார். அதனால் கொஞ்சம் தெம்போடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். மேசையில் ஒரு பழைய பதிவேடு விரித்துக் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்கள்.

என் வாதத்தை நான் முதலில் சொன்னேன். ஹிந்தியில்தான். "சார், தீவுக்காரங்க எல்லார்கிட்டயும் இந்த ஊர் ரேஷன் கார்டு இருக்கு. என் அம்மாகிட்டயும் இருக்கு. அப்போ அவங்களும் தீவுக்காரிதானே?"

அவர் கோபப்படவில்லை. கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "வெளியே நிற்கிறாரே பியூன், போன வருஷம்தான் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தார். அவரிடமும் இந்த ஊர் ரேஷன் கார்டு இருக்கிறது. அவர் தீவுக்காரரா, மேடம்?"

நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "கெடு தேதிக்கு முன்னால் தோட்டத்து வீடுகளில் இருந்த எல்லார் பெயரும் இதில் இருக்கும். உங்கள் அப்பா பெயர் இருக்கிறது, பாருங்கள். உங்கள் அம்மா பெயர் இல்லை. அப்படியென்றால் அந்தத் தேதிக்கு முன்னால் அவர் அங்கே இல்லை. பின்னால் வந்திருக்கலாம்."

"பொய் சார் இது! அம்மா அங்கதான் இருந்தாங்க."

"இருந்தார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் சொன்னதில் தப்பு எங்கே, அதைக் காட்டுங்கள்."

எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. குரலை உயர்த்திக் கத்தினேன். பியூன் உள்ளே எட்டிப் பார்த்தார். இன்னொரு முறை வர அனுமதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது அந்த அதிகாரியின் நல்ல மனசு.

வெளியே வந்ததும் அம்மா படிக்கட்டில் நின்றாள். "அங்க எங்கள இந்தியாக்காரின்னாங்க. மண்டபத்துல எறங்குனா சிலோன்காரின்னாங்க. இங்கயும் நான் இல்லேன்னா, நான் எங்கதான் புள்ள இருந்தேன்?" அழவில்லை. உண்மையாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்து நின்றாள்.

அடுத்த நாள் கடையில் கூட்டம் குறைந்த பிற்பகல். மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்பக்கத்தில் அந்த அதிகாரி சொன்னதை மூன்று வரியாக எழுதினேன். கோபத்தில்தான் எழுதினேன், அவர் சொன்னதன் அபத்தத்தை நானே பார்க்கலாம் என்று. எழுதிப் பார்த்தால் அபத்தம் இல்லை. இருந்தவர் எல்லார் பெயரும் உண்டு. இவர் பெயர் இல்லை. ஆகவே இவர் இருக்கவில்லை. முதல் இரண்டும் உண்மை என்றால் மூன்றாவதைத் தள்ளவே முடியாது. பக்கத்தில் என் வாதத்தை எழுதினேன். தீவுக்காரர் எல்லாரிடமும் ரேஷன் கார்டு உண்டு. அம்மாவிடம் உண்டு. ஆகவே அம்மா தீவுக்காரி. முடிவு உண்மை, என் உயிரைவிட உண்மை. ஆனால் மேலே இருக்கிற இரண்டு வரியிலிருந்து அது வரவே இல்லை. பியூன் அந்த ஓட்டை வழியாக நடந்து போய்விட்டார்.

தேர்வில் நான் போட்ட தப்பு என் கண் முன்னால் அட்டையில் கிடந்தது. அவர் பக்கம் வாதம் செல்லும், சொன்னது பொய். என் பக்கம் சொன்னது உண்மை, வாதம் செல்லாது. நான் போய் அவருடைய முடிவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். அது அசையாது. மேலே இருக்கிற இரண்டு வரிகளில்தான் ஏதோ பொய்யாக இருக்க வேண்டும். இரண்டாவது வரி உண்மை, பதிவேட்டை என் கண்ணாலேயே பார்த்தேன். மிச்சம் இருப்பது முதல் வரி. அதில் ஒரு சொல்லுக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டேன். எல்லார்.

எல்லார் என்று சொன்னவரை மறுக்க ஊரைக் கூட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆள் போதும். அந்தத் தேதிக்கு முன்னால் அங்கே இருந்தவர் என்று அந்த அலுவலகமே ஒப்புக்கொண்ட, ஆனால் அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒரு ஆள். அன்றைக்கு இருமல் மருந்து கேட்டு வந்தவருக்கு மாற்றிக் காய்ச்சல் மருந்தை எடுத்து நீட்டிவிட்டேன். அவரே சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

தகவல் கேட்டு மனுப் போட்டு, எங்கள் லயத்தில் குடியிருந்தவர்களின் பக்கங்களை நகல் வாங்கினேன். தோட்டத்து வீட்டு வரிசையை எங்கள் ஆட்கள் இன்னமும் லயம் என்றுதான் சொல்வார்கள். நகலை எடுத்துக்கொண்டு அம்மாவோடு ஹட் பேக்குக் கப்பல் ஏறினேன். டெக்கில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டும்போதே ஒன்று கண்ணில் பட்டது. பெண் பெயர்கள் மிகக் குறைவு. இருந்தவையும் தோட்டத்துச் சம்பளப் பட்டியலான செக்ரோலில் தனியாகப் பேர் பதிந்த பெண்களுடையவை. "வேல செஞ்சாலும் எங்க பேர எழுதல. புருசன் பேர்லதான் ஏறும்," என்றாள் அம்மா, கடலைப் பார்த்தபடி.

"இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீ கேக்கலயே."

ஹட் பேயில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்கு அத்தை. அத்தை என்றால் உறவில்லை, நாங்கள் கூப்பிட்ட பழக்கம். அம்மாவோடு ஒரே வருஷம் லயத்துக்கு வந்தவர். அவருடைய புருசன் பெயர் நகலில் இருந்தது. அவர் பெயர் இல்லை. "அத்தை, உங்ககிட்ட தீவுக்காரங்க கார்டு இருக்கா?" என்று கேட்டேன்.  அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பளபளவென்று புதுக் கார்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். அதே அலுவலகம், அதே முத்திரை.

நான் அவரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். "அரே, விடு விடு, வயசாச்சு எனக்கு," என்று கத்தினார்.

எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டேன். "என் பெரியவன் இங்க ஆஸ்பத்திரியில பிறந்தான் இல்ல, அந்தப் பதிவக் காட்டினேன். குடுத்துட்டாங்க." சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "உனக்கும் அதே வருசம்தானே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

அம்மா அடுப்புப் பக்கம் பார்த்தாள். அத்தை எழுந்து தேநீர் போடப் போனார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. அம்மாவே சொன்னாள்.

"ஒனக்கு முந்தி ஒரு பொம்பளப் புள்ள. ஒம்பது நாள் இருந்துச்சு. பேரு கூட வைக்கல."

நான் ஒற்றைப் பிள்ளை என்று நினைத்தே நாற்பத்திரண்டு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.  "அவ எங்க பிறந்தாம்மா?" என்றேன். "இதே ஆஸ்பத்திரியிலதான். டாக்டர் எழுதினாரு. எழுதும்போது பேர் கேட்டாரு. அப்புறமா சொல்றோம்னு ஒங்கப்பா சொன்னாரு."

அவளை அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அம்மா பேச்சை அங்கே விடவில்லை. தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டு, "அந்தப் பதிவு இருந்தா ஒனக்கு உதவுமா?" என்று கேட்டாள். "உதவும்மா. ஆனா நீ வேணாம்னா வேணாம்." "எதுக்கு வேணாம்? அவ பொறந்தது நெசந்தானே. தேடு."

ஹட் பேயில் இருந்த புத்தகம் அலையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. போர்ட் பிளேருக்கு அந்தக் காலத்தில் மாதாமாதம் அனுப்பிய நகல்கள் இருக்கலாம் என்றார்கள். மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அம்மாவும் வந்தாள். ஆவண அறையில் இருந்த பெண் ஊழியர் ஏணியில் ஏறி ஒரு காகிதக் கட்டை இறக்கி, தூசியைத் தட்டி, பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். நின்றார். "பெண் குழந்தை, பெயர் இடப்படவில்லை," என்று வாசித்தார். அப்பா பெயர். அம்மா பெயர், ஓர் எழுத்துகூட மாறாமல். லயத்து எண். கெடு தேதிக்கு ஏழு மாதம் முந்திய ஒரு தேதி.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் பெயர் எது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துவிட்டு, மேலே இருந்த வரியைக் காட்டி "இது அவளா?" என்றாள். அந்த ஊழியர் எங்களை அவசரப்படுத்தவே இல்லை.

இரண்டாவது விசாரணைக்குப் போனபோது என் கையில் ஒரு கோப்பு இருந்தது. அம்மா பச்சைக் கரை போட்ட புடவை கட்டியிருந்தாள், கல்யாணத்துக்குக் கட்டுவது.

முதலில் லயத்துப் பக்கத்தின் நகலை வைத்தேன். பக்கத்தில் தெலுங்கு அத்தையின் கார்டு நகல். "சார், நீங்க போன தடவை சொன்னதுல தப்பு எங்கன்னு காட்டச் சொன்னீங்க. உங்க வாதத்துல ஒரு தப்பும் இல்ல. அது செல்லும். முதல் வரி மட்டும்தான் பொய். எல்லார் பேரும் இதுல இருக்குன்னு சொன்னீங்க. இவங்க அந்தத் தேதிக்கு முன்னால இருந்தாங்கன்னு உங்க ஆபீஸே கார்டு குடுத்திருக்கு. இவங்க பேர் இதுல எங்க சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். அடுத்த பக்கமும் தேடினார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "இல்லை," என்றார். "இது குடியிருந்தவர் எல்லாருடைய பதிவும் இல்லை. செக்ரோலில் பெயர் இருந்தவர்களின் பதிவு மட்டும்."

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. விரலை உயர்த்தினார். "ஆனால் மேடம், என் வாதம் விழுந்துவிட்டது என்பதால் உங்கள் அம்மா அங்கே இருந்தார் என்று ஆகிவிடாது. அவர் இருக்கவில்லை என்று என்னால் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்."

"தெரியும் சார்," என்றேன். இந்த இரண்டு சொல்லைச் சொல்வதற்காகவே நான் அந்தப் புத்தகத்தைப் படித்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். "அதுக்கு என்கிட்ட தனியா ஒரு வாதம் இருக்கு."

பிறப்புப் பதிவின் நகலை அவர் முன்னால் வைத்தேன். "பிள்ளை பிறக்கிற இடத்துல, பிறக்கிற நேரத்துல, அதைப் பெத்தவ இருந்தே ஆகணும். கெடு தேதிக்கு ஏழு மாசம் முன்னால ஹட் பே ஆஸ்பத்திரியில ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கு. பெத்தவங்க பேர் இது. இவங்க." அம்மாவைக் காட்டினேன்.

அவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.  "இதில் எந்த வரியை யாரால் மறுக்க முடியும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, மென்மையாகத்தான் கேட்டார், "மாஜி, இந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா தன் உடைந்த ஹிந்தியில் பதில் சொன்னாள். "வஹீ ஹை, சாப். அங்கதான் இருக்கா, ஹட் பேல. அவ எங்கயும் போகல."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். கோப்பை அம்மாவின் கையிலேயே கொடுத்து, "நீங்கள் இங்கே இருந்தவர், மாஜி," என்றார். ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்: இனி அந்தப் பதிவேட்டை மட்டும் காட்டி யாருடைய விண்ணப்பத்தையும் தள்ளக்கூடாது. பியூன் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தார். அம்மா படியில் இறங்கிய வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. தெருவுக்கு வந்ததும் நடுரோட்டில் நின்று என் இரண்டு கன்னத்தையும் பிடித்து ஆட்டினாள். சின்ன வயதில்கூட அப்படிச் செய்தது இல்லை.

புதுக் கார்டு மூன்று வாரத்தில் வந்தது. ஹட் பேயில் செய்தி பரவியது. லயத்தில் இன்னும் ஐந்து பெண்கள் இதே மாதிரி சீட்டோடு நின்றார்கள். ஒவ்வொருவராகக் கடைக்குப் போன் அடித்தார்கள். எனக்கு நேரம் கிடைக்கும்போது ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். எல்லாருக்கும் பிறப்புப் பதிவு இல்லை. ஒருத்திக்குப் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைப் புத்தகத்தில் அவள் வைத்த கைநாட்டு கிடைத்தது. இன்னொருத்திக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த சீட்டு.

ஒரு நாள் ஒருவர் வந்தார். மெயின்லேண்டிலிருந்து ஆறு வருஷத்துக்கு முன் வந்தவர் என்று அவரே சொன்னார். "நீங்க எழுதினா மறுக்க முடியாதாமே. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. முதல் வரிய நீங்களே போட்டுக்கோங்க, மத்தது தானா வந்துடும்ல?" அவர் சொன்னது சரிதான். முதல் வரியை நான் இட்டுக்கட்டினால் மற்றது அழகாக வந்துவிடும். அதனால்தான் முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு போனார். அன்று முழுக்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஐந்தாவது பெண்ணின் விஷயம்தான் இழுத்தது. பிள்ளை இல்லை, படிப்பு இல்லை, காட்ட வேறு ஒரு தாளும் இல்லை. கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலரா ஊசி போட்டவர்களின் பட்டியல் ஒன்று கிடைத்தது. அதில் பெண்களைத் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். பெயர், லயத்து எண், தேதி. ஊசி போட உடம்பு அங்கே இருந்தாக வேண்டுமே. போன மாதம் ஒரு மதியம் அவள் கப்பல் நிற்கும் துறையிலிருந்து நேராகப் பத்துபஸ்திக்கு வந்து, மருந்து வாங்க நின்றவர்களை விலக்கிக்கொண்டு, கவுண்டர் கண்ணாடி மேல் தன் கார்டை அறைந்து வைத்தாள். கண்ணாடி அதிர்ந்தது. கடை முதலாளி பதறி எழுந்தார். நான் கவுண்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே ஓடினேன். நின்றிருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் குதிப்பதைப் பார்த்து, ஒரு பெரியவர் தன் மருந்துச்சீட்டைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு முதலில் கை தட்ட ஆரம்பித்தார்.